சாம்பிராணி படிந்த கண்ணாடிச் சில்லு

காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போது என் கணவர் பைக்கோடு நிற்பார். கையிலிருக்கும் பையை வாங்கி வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டே, "என்ன, எரிஞ்சுதா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம்தான். நான் உதட்டைப் பிதுக்குவேன். "சரி, நாளைக்கு எரியும்" என்று வண்டியைக் கிளப்புவார். வருஷக்கணக்கில் இதுதான் எங்கள் பேச்சு.

எரிய வேண்டியது அடுப்போ விளக்கோ இல்லை. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கண்ணாடிச் சில்லு. நான் தேனிக்கு வெளியே ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். அந்தச் சில்லை ஒளிர வைப்பதுதான் என் ஆராய்ச்சி. எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் என்னைவிட வயதில் சின்னவர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி எங்கள் கல்லூரியில் சேர்ந்திருந்தார். நான் அவரை "சார்" என்பேன், அவர் என்னை "மேடம்" என்பார். யாருக்கு யார் வழி காட்டுகிறோம் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

சில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணாடியின் மேல்தோலுக்குள் மிக நுண்ணிய துகள்கள் புதைந்திருக்கும். நீல ஒளியைக் காட்டினால் அவை சிவப்பாக ஒளிரும், ஆனால் மங்கலாக. அவற்றுக்கு மேலே ஒரு சின்னச் சதுரத்துக்குள் சிலிக்கானால் ஆன வட்ட வில்லைகளை வரிசையாக நட்டிருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்த வில்லைகளில் ஐந்நூறை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். ஒவ்வொரு வில்லையும் ஒளியைப் பிடித்துத் தனக்குள் ஒரு கணம் சுழல விட்டு வெளியே அனுப்பும். எல்லா நிறத்தையும் அப்படிப் பிடிக்காது. அதன் அளவுக்குத் தோதான ஒரு நிறத்தை மட்டும்தான் பிடிக்கும். நான் பிறந்த அனுமந்தன்பட்டியில் தோட்டத்துக் கிணற்றில் குனிந்து "ஓ" என்று குரல் கொடுத்தால், ஏதோ ஒரு சுருதிக்கு மட்டும் கிணறு முழுக்க அதிரும், மற்றதையெல்லாம் கேட்காத மாதிரி விழுங்கிவிடும். வில்லையும் அப்படித்தான். அதன் சுருதியும் துகளின் சிவப்பும் ஒன்றாக அமைந்துவிட்டால் மங்கலான அந்த ஒளி பல மடங்காகும்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது வேறொரு விஷயம். வில்லை வெறுமனே ஒளியைப் பெருக்கிக் காட்டுவதில்லை. தோதான வில்லை பக்கத்தில் இருந்தால் துகள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஒளியை விடுகிறது. தோதில்லாவிட்டால் தயங்குகிறது. அதாவது, ஒரு துகள் ஒளிர்வது அந்தத் துகளின் கையில் மட்டும் இல்லை. வாங்கிக்கொள்ள அக்கம்பக்கம் தயாராக இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. இதை முதன்முதலாகப் படித்து விளங்கிக்கொண்ட அன்று குமுளி பஸ்ஸில் இருந்தேன். டவுன் பஸ் மாற வேண்டிய கம்பத்தில் இறங்க மறந்து கூடலூர் வரைக்கும் போய்விட்டேன். கணவர் அங்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். எதைப் பார்த்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டார். ஒன்றையும் பார்க்கவில்லை, ஆச்சரியத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். நல்ல மனிதர்.

வில்லைகள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது நான். செய்து கொடுத்தது பெங்களூரில் உள்ள ஒரு பெரிய ஆய்வு நிலையம். அங்கே கருவிகளைப் பயன்படுத்த முறை வாங்கவே நாய்படாத பாடு பட்டோம். சில்லு கையில் வந்த அன்று, திராட்சைக் கொத்தைப் பிடிப்பதைப் போல அதைப் பிடித்தேன். எங்கள் ஊரில் பன்னீர்த் திராட்சையைப் பறிக்கிறவர்கள் பழத்தின் மேல் இருக்கும் வெள்ளை மாவு அழியாமல் காம்பைத்தான் தொடுவார்கள். நானும் ஓரத்தைத்தான் தொட்டேன். நுண்ணோக்கியின் அடியில் வைத்து நீல ஒளியைப் போட்டேன். சதுரத்துக்கு வெளியே மங்கலான சிவப்பு. சதுரத்துக்கு உள்ளேயும் அதே மங்கலான சிவப்பு.

வில்லைகள் நான் சொன்ன அளவைவிட ஒரு துளி சிறியதாக அமைந்துவிட்டன. அதனால் அவற்றின் சுருதி சிவப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஆரஞ்சுப் பக்கம் நின்றுவிட்டது. கணினித் திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று துகள்களின் சிவப்பு, இன்னொன்று வில்லைகளின் சுருதி. இரண்டும் அடுத்தடுத்த இரண்டு குன்றுகள் போல நின்றன, ஒன்றின் மேல் ஒன்று வரவில்லை. குளிர வைத்துப் பார்த்தோம், சூடேற்றிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். குன்று அசைந்தது, ஆனால் போய்ச் சேரவில்லை.

இன்னொரு சில்லு செய்ய வழியில்லை. சாருக்குப் பணம் வந்துகொண்டிருந்த ஆராய்ச்சித் திட்டம் முடிந்துவிட்டது. பெங்களூரில் முறையும் கிடைக்காது. என் பதிவுக்குக் கடைசியாகக் கொடுத்த நீட்டிப்பும் தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எல்லாம் ரத்து. "எரியாத சில்லை வச்சு என்ன எழுதுறது சார்?" என்று கேட்டேன். "ஏன் எரியலைன்னு எழுதலாம் மேடம்" என்றார். அப்படியும் எழுதலாம்தான், பட்டமும் ஒருவேளை கிடைக்கலாம். ஆனால் எனக்கு அந்தச் சதுரம் எரிவதைப் பார்க்க வேண்டும். என் கணக்கு சரி என்று கண்ணால் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை, கல்யாண வீடுகளை, பிள்ளையின் பள்ளி விழாக்களை விட்டுவிட்டு ஓடியது அதற்காகத்தான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கணவர் பையை வாங்கி மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. தினமும் கேட்டபோது எரிச்சலாக இருந்த கேள்வி, கேட்காமல் விட்டதும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்திருக்கிறேன். காற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் கல்லூரியில் விடுமுறைக்கு முந்தின நாளே ஆய்வகங்களில் பூசை போட்டுவிடுவார்கள். எங்கள் ஆய்வகத்தில் அது சாவியும் துடைப்பமும் கையில் வைத்திருக்கும் உதவியாளர் அக்காவின் பொறுப்பு. என்னைவிடப் பெரியவர், வாய் ஓயாதவர். அதற்கு முந்தின வருஷம் நுண்ணோக்கியின் கண்ணாடியில் அவர் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். நான் குதித்த குதியில் பக்கத்துத் துறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதனால் இந்த முறை முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தேன். எந்தக் கருவியிலும் சந்தனம், குங்குமம், தண்ணீர், எதுவும் படக் கூடாது. சொல்லிவிட்டுத் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தேர்வு வேலையாகப் போய்விட்டேன். பொரியும் கடலையும் என் மேசையில் பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்ததாக அப்புறம் தெரிந்தது.

விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தேன். கருவிகளில் பொட்டு இல்லை. மனசுக்குள் அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, சில்லை வைத்திருக்கும் சின்ன டப்பாவைத் திறந்தேன். குப்பென்று சாம்பிராணி வாசம்.

அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பொட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீக. நான் எதுலயும் வைக்கலையே. வெறும் பொகைதான் காட்டுனேன்" என்றார்.

"டப்பாவ எதுக்குக்கா தொறந்தீக?"

"மூடி வச்ச டப்பாவுக்குள்ள சாமி எப்படிப் போகும்? இங்கன இருக்கற இரும்புக்கும் ஒயருக்கும் எல்லாம் காட்டிட்டு, நீங்க உசுரா வச்சிருக்கறதுக்குக் காட்டாம விட்டா எனக்கு மனசு கேக்குமா? தொறந்து நல்லாக் காட்டிட்டு, பொகை உள்ளயே நிக்கட்டும்னு அப்படியே மூடி வச்சேன்."

பொட்டு மறுக்கப்பட்டதற்கு ஈடாகப் புகையை அள்ளி வழங்கியிருக்கிறார். நான் திட்டவில்லை. திட்டத் தெம்பு இல்லை. வில்லைகளுக்கு நடுவே ஒரு தூசு விழுந்தாலே போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த சில்லு அது. இப்போது விடுமுறை முழுக்கச் சாம்பிராணிப் புகையில் ஊறிக் கிடந்திருக்கிறது. "போங்கக்கா, அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன்.

எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் சில்லை நுண்ணோக்கியின் அடியில் வைத்தேன். வேறு எந்த நம்பிக்கையும் இல்லை. நீல ஒளியைப் போட்டுக் குனிந்தேன்.

சதுரம் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே மங்கல். உள்ளே சிவப்பு. நான்கு மூலையும் வெட்டி வைத்த மாதிரி, நல்ல அடர்ந்த சிவப்பு. கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நீல ஒளியை அணைத்தேன், சதுரம் அணைந்தது. போட்டேன், எரிந்தது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, கும்பிட்டும்விட்டேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன் போட்டதும் சார் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு வாத்தியார் ஆகிவிட்டார். "சாம்பிராணியே ஒளிருதோ என்னமோ மேடம்" என்றார். "சாம்பிராணி சில்லு முழுக்கப் படிஞ்சிருக்கு சார். அதுவா ஒளிர்ந்தா வெளியவும் எரியணும்ல?" என்றேன். ஒத்துக்கொண்டார். வில்லைகளின் சுருதியை அளந்தோம். திரையில் இத்தனை மாதமாக எட்டிப் போய் நின்ற குன்று நகர்ந்து வந்து சிவப்பின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

எங்களுக்குப் புரிந்தது இதுதான். சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது. அது வில்லைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. படலம் படிந்தால் வில்லை கொஞ்சம் பருத்த மாதிரி. பருத்தால் சுருதி சிவப்புப் பக்கம் நகரும். என் வில்லைகள் எவ்வளவு குறைவாக அமைந்தனவோ, அந்தக் குறைவைப் புகை நிரப்பிவிட்டது.

சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்த பிறகு, கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியை விரித்துப்போட்டு, அடியில் என் அம்மா சாம்பிராணி போடுவார். அந்த மணம் அடுத்த குளியல் வரைக்கும் முடியில் இருக்கும். அது முடியில் படிந்த ஒரு படலம் என்றோ, மணத்துக்கும் ஒரு தடிமன் உண்டு என்றோ ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஒளி அந்தத் தடிமனை அறிந்திருக்கிறது. அதற்கேற்ப நடந்துகொள்கிறது. நான் அறிந்த பொருள்தான், அறிந்த வாசம்தான், அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்கப் பயமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் சார் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "மேடம், கழுவிப் பாக்கணும்" என்றார்.

எனக்குத் தெரியும், அவர் அதைத்தான் சொல்வார். ஆல்கஹாலில் கழுவினால் பிசின் கரைந்துவிடும். சதுரம் அணைந்தால் காரணம் புகைதான் என்று உறுதி. அணையாவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் இருப்பது ஒரே சில்லு. இத்தனை வருஷத்தில் எரிந்தது இப்போதுதான். "கழுவினப்புறம் திரும்ப வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வரலைன்னா வரல."

"எரியறதப் படம் எடுத்தாச்சு. அத வச்சு எழுதிரலாமே சார்."

"எழுதலாம். யாரும் நம்மளக் கேக்கப் போறதில்ல. ஆனா ராத்திரி படுத்தா எனக்குத் தூக்கம் வராது மேடம். உங்களுக்கு வருமா?"

சின்னப் பையன் என்று மனசுக்குள் வைதேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. எரிந்தது என்று இன்றைக்குச் சொல்லி, அணைந்தது என்று நாளைக்குச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. கணவரும் கேட்கவில்லை.

மறுநாள் கழுவுவதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டேன். முதல் நாள் முழுக்க என் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தவர், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கண்ணை இடுக்காமல் பாருங்கள் என்றேன்.

"ஆத்தாடி!" என்றார். "மாதுளை முத்து கணக்கா என்னா செவப்பு! ஆனா அங்கன சுத்தி இருட்டாவுல்ல இருக்கு? கட்டத்துக்குள்ள மட்டும் எரியுது?"

"அதுதான்க்கா. நீங்க காட்டுன பொகைலதான் எரியுது."

நான் விளையாடுகிறேனா என்று சாரைப் பார்த்தார். சார் ஆமாம் என்று தலையசைத்தார். "இப்ப அதக் கழுவப் போறோம்" என்று நான் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எரியறத யாராச்சும் அணைப்பாகளா?" என்று அவர் கேட்டபோது, என் மனசில் இருந்ததை எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

கழுவினேன். நானேதான் கழுவினேன், சாரிடம் கொடுக்கவில்லை. உலர வைத்து, நுண்ணோக்கியில் ஏற்றி, ஒளியைப் போட்டேன். சதுரம் இல்லை. உள்ளும் புறமும் ஒரே மங்கல். திரையில் குன்று தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றிருந்தது. நாங்கள் நினைத்தது சரிதான், ஆனாலும் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

இனி திரும்ப வர வேண்டும். தூபக்காலை அக்கா கொண்டுவந்து சன்னலோரம் வைத்தார். தேங்காய் ஓட்டுக் கங்கு. சாம்பிராணியைத் தூவும்போது கை அளவோடு தூவச் சொன்னோம். போடி கடைவீதியில் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் எல்லாக் கடையிலும் சாம்பிராணி போடுவார்களாம், சாரின் வீட்டுக் கடையில் மட்டும் கிடையாதாம். "பக்கத்துக் கடைப் பொகை எங்களுக்கும் சேத்து வந்துரும்" என்று சார் சிரித்தார். டப்பாவைத் திறந்து கொஞ்சம் புகை காட்டி, மூடி, புகை படியும்வரை பொறுத்திருந்து, எடுத்து அளந்தோம். குன்று அசையவில்லை. இன்னொரு தடவை காட்டினோம். அசையவில்லை என்றுதான் நினைத்தேன். சார் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒரு இழை நகர்ந்திருந்தது.

புகை காட்டுவோம், பொறுத்திருப்போம், அளப்போம். ஒவ்வொரு தடவையும் குன்று ஒரு இழை சிவப்பை நோக்கி நகர்ந்தது. அப்புறம் சிவப்புக் குன்றின் அடிவாரத்தைத் தொட்டது. அடுத்து அதன் மேலே ஏறியது. நுண்ணோக்கியில் சதுரத்தின் விளிம்பு முதலில் தெரிந்தது, தெரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. பிறகு உள்ளே சிவப்பு ஊறி வந்தது. எங்கள் மூன்று பேர் கையிலும் இருந்தது ஒரு கங்கும் ஒரு பிடி பிசினும்தான். அதைக் கொண்டு ஒளியின் சுருதியை இழை இழையாக நகர்த்திக்கொண்டிருந்தோம். என் வாழ்நாளில் இதைவிடப் பெரிதாக எதையும் நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்ப்பேனா என்றும் தெரியாது.

"இன்னொரு வாட்டி காட்டவா?" என்று அக்கா கேட்டார்.

இன்னும் காட்டினால் சிவப்பைத் தாண்டிப் போய்விடும். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியது நான். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினேன். சார்தான் "போதும்க்கா" என்றார். அக்கா தூபக்காலைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது, போகிற போக்கில் எங்கள் இருவர் தலைக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போனார். சார் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, என் சேலையிலிருந்து வந்த வாசத்தில் எந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார். காலேஜுக்குத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. கம்பத்தில் மறக்காமல் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன்.

காமயகவுண்டன்பட்டியில் கணவர் நின்றிருந்தார். பையை வாங்கி மாட்டினார். மூக்கை உறிஞ்சி, "என்ன, காலேஜ்ல இன்னமும் பூசை முடியலையா?" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கடைகளைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகிற பாதையில் திரும்பியது. மேற்கே மலை மேல் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. அவர் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவர் முதுகில் தட்டி, "எரிஞ்சிருச்சு" என்றேன்.

வண்டி அப்படியே நின்றது. அணைத்துவிட்டுக் காலை ஊன்றினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொன்னதே காதில் விழாத மாதிரி, இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அதே பழைய தினுசில் கேட்டார்.

"என்ன, எரிஞ்சுதா?"

"எரிஞ்சிருச்சுங்க" என்றேன்.